ஒழுகாத குல்லா

செஃபெரினோ யாரையும் சட்டென்று நம்பிவிடுகிற ஆள் இல்லை. கோழி கொக்கரித்தால்கூட எழுந்துபோய் முட்டை கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வந்து உட்காருவார். அப்படிப்பட்டவரிடம் ஒரே மகள் தெல்ஃபினா வந்து, "கட்டிக்கிட்டா சில்வானோவைத்தான் கட்டிக்குவேன்" என்று சொன்னால் மனுஷனுக்குத் தூக்கம் வருமா?

சில்வானோ குடிக்க மாட்டான், வாயாட மாட்டான், பெரியவர்களைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுவான். அதெல்லாம் சரிதான். ஆனால் அவன் குல்லா பின்னி ஒருத்தரும் பார்த்ததில்லை.

ஏரிக்கு நடுவே இருக்கிற தக்கிலே தீவில் இது சின்ன விஷயம் இல்லை. இங்கே ஆண்பிள்ளை என்றால் கழுத்தைச் சுற்றி நூல் கிடக்கும், கையில் ஊசி ஓடிக்கொண்டிருக்கும். ஏரிக்கரையிலிருந்து ஊருக்கு ஏறுகிற கல்படியில் மூச்சு வாங்க ஏறும்போதும் பின்னுவார்கள். படகுக்குக் காத்திருக்கும்போதும் பின்னுவார்கள். சாவு வீட்டில் அழுது ஓய்ந்த பிறகு, செத்தவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டே பின்னுவார்கள். பெண்கள் நூல் நூற்பார்கள், இடுப்புப் பட்டை நெய்வார்கள். ஊசியை அவர்கள் தொடக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. யாரும் தொட்டதும் இல்லை.

சில்வானோவின் கைகளோ எந்நேரமும் போர்வைக்குள்ளேயே இருக்கும். வெளியே வந்தால் படகு எஞ்சினின் கருப்பு எண்ணெய்தான் தெரியும். சின்ன வயதிலேயே புனோ நகரத்துக்குப் போய் மெக்கானிக் வேலை பழகி, இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறான். அவன் தலையில் இருந்த குல்லாகூட அவன் தாய்மாமன் பின்னிக் கொடுத்தது. கல்யாணம் ஆகாதவன் குல்லாவுக்கு மேல்பாதி வெள்ளை, ஆனவனுக்கு முழுக்கச் சிவப்பு. அந்தச் சிவப்புக்கு மாற வேண்டுமென்றால் தன் கையால் ஒரு வெள்ளை வைத்த குல்லா பின்னிப் பெண்ணின் அப்பாவிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைக் கிண்ணம் மாதிரி பிடித்து அதில் தண்ணீர் ஊற்றுவார். நின்றால் மாப்பிள்ளை. ஒழுகினால் ஒரு வேளை சாப்பாடு போட்டு அனுப்பிவிடுவார்கள்.

செஃபெரினோவின் குல்லாவில் தண்ணீர் மொண்டு மலை ஏறலாம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை முதலில் சொன்னது யார் என்று கேட்டால், அவர் மனைவி எவுசேபியா, "வேற யாரு, அவரேதான்" என்பாள். இருந்தாலும் பேச்சு பொய் இல்லை.

சில்வானோவின் குடும்பம் பெண் கேட்டு வருவதற்கு நாள் குறித்தாயிற்று. அன்றிலிருந்து செஃபெரினோ கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு திரிந்தார்.

முதலில் சில்வானோவைப் படகுத்துறையில் பிடித்தார். இங்கே ஆண்கள் எதிரெதிரே பார்த்துக்கொண்டால் சுருக்குப் பையிலிருந்து மெல்லுவதற்குக் கோக்கா இலை எடுத்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ள வேண்டும். போர்வைக்குள் கையை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. அந்தக் கணத்துக்குத்தான் அவர் காத்திருந்தார்.

"நல்லா இருக்கீங்களா மாமா?" என்று சில்வானோ இலையை நீட்டினான்.

"இருக்கேன். ஆனா இன்னும் மாமா ஆகல" என்று சொல்லிக்கொண்டே அவர் இலையை விட்டுவிட்டு அவன் விரலைப் பார்த்தார். வருஷக்கணக்கில் பின்னுகிறவனுக்கு ஆள்காட்டி விரலின் ஓரத்தில் காய்ப்பு இருக்கும். இவனுக்கு இருந்தது கொப்புளம். அதுவும் புதுசு.

"ஊசி எங்கப்பா?"

"வீட்ல இருக்கு மாமா."

"வீட்ல ஊசிக்கு என்ன வேலை? அடுப்பைப் பாத்துக்குதா?"

"காத்துல நூல் சிக்கிக்குது. அதான்…"

"இந்த ஏரியில எல்லாருக்கும் ஒரே காத்துதான் அடிக்குது" என்று சொல்லிவிட்டு அவர் படியேறினார். பாதி வழியில் வேறொரு சந்தேகம் முளைத்தது. கொப்புளம் எப்படி வந்தது? தன்னை ஏமாற்றுவதற்காகவே சூடு வைத்துக்கொண்டிருப்பானோ? எஞ்சினில் வைத்தால் ஒரு நிமிஷ வேலைதானே?

நேராகச் சதுக்கத்தில் இருக்கிற கூட்டுறவுக் கடைக்குப் போனார். ஊரார் பின்னியதெல்லாம் பின்னியவர் பெயரோடு அங்கேதான் தொங்கும். அந்த வாரம் கடையில் உட்கார்ந்திருந்தது அனஸ்தாசியோ. எவுசேபியாவின் அண்ணன். செஃபெரினோவைச் சீண்டுவதென்றால் அவருக்குச் சாப்பாடே வேண்டாம்.

"மேல வெள்ளை வெச்ச குல்லா ஏதாச்சும் வித்துச்சா?" என்று செஃபெரினோ குரலைத் தாழ்த்திக் கேட்டார். கடையில் வேறு யாருமே இல்லை.

"ஒண்ணு வித்துச்சு. சுத்திப் பாக்க வந்த ஒரு வெள்ளைக்காரம்மா வாங்கிட்டுப் போச்சு."

"அவளுக்குக் கல்யாணம் ஆகலியா?"

"நான் கேக்கல மச்சான். உனக்காகக் கேட்டு வெச்சிருக்கணுமோ?"

"விளையாடாதய்யா. சில்வானோ இந்தப் பக்கம் வந்தானா? ஒரு குல்லாவை வாங்கி, நான்தான் பின்னினேன்னு நீட்டிட்டா நான் என்ன பண்ணுவேன்? அதுவும் என்னோட குல்லாவையே வாங்கிட்டான்னா?"

அனஸ்தாசியோ விழுந்து விழுந்து சிரித்தார். "உன்னோடதை உன்கிட்டயே கொண்டாந்தா நீ கண்டுபிடிக்க மாட்டியா? உள்பக்கம் திருப்பினா ஊர்க் குழந்தை சொல்லுமே, இது யார் கைன்னு."

அது உண்மை. இளவயதில் படகுக் கயிறு நசுக்கியதில் செஃபெரினோவின் இடது ஆள்காட்டி விரல் மடங்காமல் போய்விட்டது. அதனால் சிவப்பிலிருந்து கருநீலத்துக்கு, நீலத்திலிருந்து வெள்ளைக்கு நிறம் மாறும் இடங்களில் எல்லாரையும் போல நூலைப் போட அவரால் முடியாது. தனக்கென்று ஒரு சுற்று வைத்திருந்தார். மற்றவர்கள் குல்லாவில் உள்பக்கத்து நூல் நேராக நிற்கும். அவருடையதில் எல்லாம் வலது பக்கமாகச் சாய்ந்து, காற்றில் படிந்த பயிர் போலக் கிடக்கும். ஆரம்பத்தில் அதற்காக வெட்கப்பட்டார். அந்தச் சுற்றுதான் கண்ணிகளை இன்னும் இறுக்குகிறது என்று தெரிந்ததும் வெட்கம் கர்வமாகிவிட்டது. அதை யாருக்கும் அவர் காட்டிக் கொடுத்ததில்லை.

அடுத்த சில நாட்களுக்கு அவருடைய ஆடு ஒன்று அடிக்கடி காணாமல் போனது. தினமும் அது சில்வானோ வீட்டுக் கல்மதில் பக்கம்தான் காணாமல் போகும். ஒரு மத்தியானம் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார். சில்வானோ மூலையில் குந்தி உட்கார்ந்திருந்தான், மடியில் சிவப்பாக ஏதோ கிடந்தது. காலடியில் கல் உருண்டதும் அவன் சட்டென்று அதைப் போர்வைக்குள் தள்ளினான்.

"என்னப்பா மறைக்கிற?"

"ஒண்ணுமில்ல மாமா."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குப் போர்வை? குளிருதா அதுக்கு?"

அவன் காது வரைக்கும் சிவந்தான்.

அன்று சாயங்காலம் அடுப்பங்கரையில் கினுவா தானியக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே செஃபெரினோ வழக்கை எடுத்துவைத்தார். "யாரோ பின்னினதை வாங்கி, அங்கங்க பிரிச்சு மாத்திக்கிட்டு இருக்கான். இல்லன்னா ஏன் மறைக்கணும்?"

"பின்னலன்னா அதுக்கும் சந்தேகம். பின்னினா அதுக்கும் சந்தேகமா?" என்றாள் எவுசேபியா. "எங்கப்பா உங்களை இப்படிச் சல்லடை போட்டுச் சலிச்சிருந்தா நான் இன்னும் எங்க வீட்லயே உக்காந்திருப்பேன்."

"உங்கப்பாவுக்கு என் குல்லாவைப் பாத்ததும் வாய் அடைச்சுப் போச்சுடி."

"பெருமைக்குக் குறைச்சல் இல்ல."

"சரி, அதை விடு. என் கூடையில சிவப்பு நூல் உருண்டை ஏன் இளைச்சுக்கிட்டே வருது? நீதானே அவங்க வீட்டுக்குக் கடத்துற? நம்ம நூல்ல பின்னி நமக்கே கொண்டாரப் போறான்!"

"ஆமா, ராத்திரி எழுந்து தலையில சுமந்துட்டுப் போறேன். எலி இழுத்திருக்கும், போங்க."

சின்னப் பெண்ணாக இருந்த நாளிலிருந்து தெல்ஃபினாவுக்கு அடுப்புக்கு அந்தப் பக்கம்தான் இடம், அப்பாவுக்கு நேர் எதிரே. அவர் பின்னுவார், அவள் நூற்பாள். இப்போதும் தக்கிளியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"கையில என்னம்மா?"

"தக்கிளி கிழிச்சிருச்சுப்பா."

அவள் பக்கத்தில் சால்வையால் மூடிய ஏதோ ஒன்று கிடந்தது. மாப்பிள்ளைக்குத் தன் தலைமுடியைச் சேர்த்துப் பெண் நெய்கிற இடுப்புப் பட்டையாகத்தான் இருக்கும். அதை அப்பா எட்டிப் பார்ப்பது அழகல்ல என்று செஃபெரினோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊரையே சந்தேகப்பட்டவர், ஒரே ஒரு இடத்தில் மட்டும் நாகரிகம் பார்த்தார்.

குறித்த நாள் வந்தது. சில்வானோவும் அவன் அப்பா லியாந்த்ரோவும் அம்மாவும் சொந்தக்காரர்கள் சிலரும் நல்ல உடுப்பில் படியேறி வந்தார்கள். வாசலில் சில்வானோ ஒரு துணி முடிச்சை நீட்ட, தெல்ஃபினா வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கோக்கா இலை கைமாறியது, வறுத்த ஏரி மீனின் வாசனை கிளம்பியது. பெரியவர்கள் மழை வராததைப் பற்றிப் பேசினார்கள். சில்வானோ தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நெற்றியில் வியர்வை. இந்தக் குளிரில் எவனுக்கு வியர்க்கும்? தப்புச் செய்தவனுக்குத்தான் வியர்க்கும் என்று செஃபெரினோ தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

தெல்ஃபினா முடிச்சைக் கொண்டுவந்து அப்பாவின் மடியில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

அவர் பிரித்தார். பிரித்ததும் அவருக்கே மூச்சு ஒரு கணம் நின்றது. அப்படி ஒரு குல்லா. கீழே சிவப்பில் பறவைகள் வரிசையாகப் போயின, ஒவ்வொன்றின் கண்ணும் கடுகு போல. மேலே வெள்ளை, ஏரியில் படிகிற பனி மாதிரி சுத்தம். விரலை விட்டு விரித்துப் பார்த்தார், வெளிச்சம் ஒரு புள்ளிகூட உள்ளே வரவில்லை.

"என்ன சம்பந்தி, பேச்சைக் காணோம்?" என்றார் லியாந்த்ரோ. அவருக்குப் பயம், குரலில் தெரிந்தது.

"பேசறதுக்கு முன்னாடி தண்ணி பேசட்டும்" என்று செஃபெரினோ குவளையை வாங்கி ஊற்றினார். குல்லா கனத்தது, உருண்டையாக உப்பியது. எல்லாரும் அதன் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடியில் ஈரம்கூடத் தட்டவில்லை. முதலில் சிரித்தது எவுசேபியாதான். அப்புறம் வீடே கலகலத்தது. லியாந்த்ரோ மகனின் முதுகில் ஓங்கி அறைந்தார், யாரோ மீனைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

செஃபெரினோ தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குல்லாவை உள்பக்கம் திருப்பினார்.

நிறம் மாறும் இடங்களில் நூல் நேராக நிற்கவில்லை. எல்லாம் சாய்ந்து கிடந்தது. அவருடைய சுற்று! உலகத்தில் வேறு ஒரு கைக்கும் தெரியாத சுற்று. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று வாயைத் திறக்கப் போனவர், மூடிக்கொண்டார். சாய்ந்திருந்தது வலது பக்கம் இல்லை, இடது பக்கம். இதை அவர் பின்னவில்லை. அவரைத் தவிர வேறு யாரும் பின்னவும் முடியாது. இதை எப்படி யாரிடம் சொல்வது? தண்ணீர் நின்றுவிட்டது. இனிமேல் அவர் என்ன சொன்னாலும், பெண்ணைக் கொடுக்க மனசில்லாத கிழவனின் முணுமுணுப்பு என்றுதான் சொல்வார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு குல்லாவை சில்வானோவிடம் நீட்டினார்.

"இந்தா. நின்னுடுச்சு."

சில்வானோ அப்போதுதான் தலை நிமிர்ந்து அதைப் பார்த்தான். வாங்கினான். புரட்டினான். சந்தோஷம் வருவதற்குப் பதிலாக அவன் முகம் வெளிறியது.

"மாமா, இது என்னோடது இல்ல."



"என்னடா உளர்ற?" என்று லியாந்த்ரோ சீறினார்.

"இல்லப்பா. நான் பின்னினதுல ஒரு பறவைக்குக் கால் விட்டுப் போச்சு. இதுல எல்லாத்துக்கும் கால் இருக்கு. நான் கொண்டாந்தது இது இல்ல மாமா. இது எப்படி வந்துச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

இத்தனை நாளாக இந்த வார்த்தைக்காகத்தானே செஃபெரினோ மதில் மதிலாக எட்டிப் பார்த்தார்? கிடைத்துவிட்டது. ஆனால் துள்ளிக் குதிக்கத் தோன்றவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் பெண் கிடைத்திருப்பாள். பையன் வாயைத் திறந்துவிட்டான். அவர் குனிந்து, திருப்பிய குல்லாவையே பார்த்தார். இடது பக்கமாகச் சாய்ந்த நூல். வலதாக இருப்பது யாருக்கு இடதாகத் தெரியும்? நேர் எதிரே உட்கார்ந்து பார்க்கிறவளுக்கு.

மெதுவாகத் தலையைத் தூக்கினார். அடுப்புக்கு அந்தப் பக்கம், அதே இடத்தில், கட்டைவிரலில் துணி சுற்றியபடி தெல்ஃபினா உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. பார்வையைத் தாழ்த்தவில்லை.

"நீயா?"

"நான்தான்ப்பா."

"எப்ப கத்துக்கிட்ட?"

"உங்க எதிர்லதானே உக்காந்திருக்கேன், எத்தனை வருஷமா. பாத்துப் பாத்து வந்துருச்சு."

"எப்பம்மா பின்னின? நான் வீட்லதானே இருக்கேன்?"

"நீங்க அவங்க வீட்டு மதில் பக்கம் ஆடு தேடப் போனப்பல்லாம்."

எவுசேபியா சிரிப்பை அடக்க முகத்தைப் பாவாடையால் மூடிக்கொண்டாள். வேறு யாரும் சிரிக்கத் துணியவில்லை. தெல்ஃபினா சால்வைக்குள் கையை விட்டு இன்னொரு குல்லாவை எடுத்தாள். "அவரோடது இது. பாதி பின்னினப்பவே எங்கிட்ட காட்டினாரு, பாத்ததுமே ஒழுகும்னு தெரிஞ்சுச்சு. நீங்க சாப்பாடு போட்டு அனுப்பிடுவீங்க. அந்தப் பயத்துலதான் மாத்தி வெச்சேன். அவருக்கு ஒண்ணும் தெரியாதுப்பா."

செஃபெரினோ அதை வாங்கினார். பாவம், குல்லா என்று சொல்லலாம், அவ்வளவுதான். ஒரு பறவைக்குக் கால் இல்லை, ஒன்றுக்கு அலகு பாதிதான். ஒரே இடத்தைப் பலமுறை பிரித்துப் பின்னியதில் நூல் நைந்து போயிருந்தது. அந்தக் கொப்புளங்களும் போர்வைக்குள் ஒளித்த கைகளும் இதற்காகத்தான் என்று அவருக்கு இப்போது புரிந்தது. பாதி தீவே கண்ணை மூடிக்கொண்டு பின்னும்போது, கண்ணை விரித்து வைத்துக்கொண்டும் வராதவன் எங்கே போய் உட்கார்ந்து பின்னுவான்? அவருக்குத் தன்மேலேயே கூச்சமாக இருந்தது.

இருந்தாலும் வழக்கம் வழக்கம்தான். தண்ணீரை ஊற்றினார். ஊற்றின வேகத்திலேயே அது அவர் கால்சட்டையில் இறங்கியது.

லியாந்த்ரோ எழுந்துவிட்டார். "வாங்க போகலாம். இதுக்கு மேல உக்காந்து என்ன பாக்குறது? பொண்ணு ஏமாத்திடுச்சு, பையனுக்குக் கை வரல. சம்பந்தி, அந்தப் பொய்க் குல்லாவைப் பிரிச்சுப் போட்டுடுங்க. ஊருக்குத் தெரிஞ்சா ரெண்டு வீட்டுக்கும் சிரிப்பு."

"உக்காருங்க" என்றார் செஃபெரினோ, நனைந்த காலை உதறிக்கொண்டே. "மீன் பொரியுது."

அவர் மகளின் குல்லாவை மடியில் வைத்து, பிரிப்பதற்கு நூலின் நுனியைத் தேடினார். உச்சியில் தேடினார், இல்லை. விளிம்பில் தேடினார், அங்கும் இல்லை. அவருடைய குல்லாவில்கூடக் கூர்ந்து பார்த்தால் முடித்த இடம் தெரியும். இவள் எங்கே முடித்தாள் என்றே தெரியவில்லை. தேடத் தேட அவருக்குக் கோபம் கரைந்தது. இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்திருந்தாளே, ஒரு நாள் நிமிர்ந்து பார்த்திருக்கக் கூடாதா?

"சில்வானோ" என்று கூப்பிட்டார். "உன் குல்லா ஒழுகுது. ஆனா நீ ஒழுகல. அடுத்த வருஷம் கல்யாணத்தை வெச்சுக்கலாம், அதுக்குள்ள இன்னொண்ணு பின்னு. இவகிட்டயே கத்துக்கோ. ஆனா எதிர்ல உக்காராத. பக்கத்துல உக்காரு, இல்லன்னா மறுபடியும் சாய்மானம் மாறிடும்."

சில்வானோவுக்கு அது புரியவில்லை. தெல்ஃபினாவுக்குப் புரிந்து, அழுதுகொண்டே சிரித்தாள்.

சாப்பிட்டு முடித்து விருந்தாளிகளை வழியனுப்ப எல்லாரும் கிளம்பினார்கள். செஃபெரினோ தன் முழுச் சிவப்புக் குல்லாவைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மகள் பின்னியதை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

"ஐயோ, என்ன பண்றீங்க?" என்று எவுசேபியா பதறினாள். "வெள்ளை வெச்சதைப் போட்டுக்கிட்டு வெளிய போனா ஊர் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும்."

சதுக்கத்தில் கூட்டம் இருந்தது. ஆண்கள் சுவரில் சாய்ந்து பின்னிக்கொண்டிருந்தார்கள். நரைத்த தலையில் கல்யாணமாகாதவன் குல்லாவோடு செஃபெரினோ நடந்து வருவதைக் கண்டு ஊசிகள் ஒவ்வொன்றாக நின்றன. கடை வாசலிலிருந்து அனஸ்தாசியோ ஓடி வந்தார்.

"என்ன மச்சான், என் தங்கச்சி இருக்கும்போதே புதுசா பொண்ணு தேடுறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். செஃபெரினோ நின்றார். குல்லாவைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரிய எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார்.

"என் பொண்ணு பின்னினது. யாருக்காவது சந்தேகம் இருந்தா, தண்ணி கொண்டாங்க."